கறுப்பாக இருக்கும் பெண் ஸ்னோ ஒயிட்டாக நிற்கலாமா? முதல் போட்டோ ஷூட்டுக்குப் போகிறவருக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையில் கல்லூரி இறுதியாண்டு படிக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். ஒரு போட்டோகிராபர் ஸ்னோ ஒயிட் கதையை, அதாவது பனி மாதிரி வெளுத்த ராஜகுமாரியை அவள் அழகில் பொறாமைப்பட்ட ராணி விஷ ஆப்பிள் கொடுத்துக் கொல்லப் பார்க்கும் தேவதைக் கதையைப் புதுசாக எடுக்கப்போகிறாராம், இவர்தான் ஸ்னோ ஒயிட்டாம். டிசம்பர் கடைசியில் ஊட்டியில், பைன் மரங்களுக்கு நடுவில். பணம் கிடையாது, படங்கள் தருவார். "நான் நல்ல கறுப்பு, பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? இதுவரை மாடலிங் செய்ததே இல்லை, எப்படிப் போஸ் கொடுப்பது? கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கச் சொல்கிறார், பயமாக இருக்கிறது. சும்மா போய் நிற்கலாமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

போங்கள். ஆனால் போவதற்கு முன்னால் அவரிடம் சிலவற்றைக் கேளுங்கள், பதில் சரியில்லை என்றால் போகாதீர்கள். நான் ஆரம்பத்தில் கொஞ்ச காலம் மாடலாக நின்றவள், அப்புறம் பல வருடங்களாகச் சென்னையில் விளம்பர ஷூட்டுகளுக்குக் காஸ்ட்யூம் பார்க்கிறேன், அதனால் கேமராவுக்கு முன்னால் நிற்கிறவர் படும் பாடும் தெரியும், பின்னால் நிற்கிறவர் மறந்துவிடும் விஷயங்களும் தெரியும்.

முதலில் கேட்க வேண்டியது நிறத்தைப் பற்றி இல்லை. "கதையில் எந்த இடத்தை எடுக்கிறீர்கள், அதில் எதை மாற்றுகிறீர்கள்?" இதைக் கேளுங்கள். ஒரே வரியில் பதில் வந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. "ஒரு மாதிரி டார்க்கா, ட்ரீமியா பண்ணலாம்" என்று இழுத்தால், அவரிடம் ஒரு கவுனும் ஒரு காடும்தான் இருக்கிறது, கதை இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஷூட்டில் நீங்கள் எவ்வளவு நன்றாக நின்றாலும் கடைசியில் வருவது ரிசப்ஷன் ஆல்பத்தின் ஒரு பக்கம் மாதிரிதான் இருக்கும்.

மாற்றுவது என்றால் என்ன என்பதற்கு நான் எப்போதும் காட்டும் படம் கனடாவின் வான்கூவரில் இருக்கும் டினா கோல்ட்ஸ்டீன் எடுத்தது. 2007 முதல் 2009 வரை 'ஃபாலன் பிரின்சஸஸ்' என்று ஒரு தொடர் செய்தார். அதில் ஸ்னோ ஒயிட்டுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஒரு சாதாரண வீட்டு ஹாலில் கையில் குழந்தைகளோடு நிற்கிறாள், இளவரசன் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான். கதை முடிந்த மறுநாளில் இருந்து தொடங்கினால் என்ன என்ற ஒரே கேள்வி, அதற்கு ஒரு ஃப்ரேம். அந்த மாடல் எப்படி நிற்க வேண்டும், முகத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்தே வந்துவிடுகிறது, யாரும் போஸ் சொல்லித்தரத் தேவையில்லை. இதற்கு நேரெதிராக, அமெரிக்காவின் சிண்டி ஷெர்மன் 1985-இல் தேவதைக் கதைகளை வைத்து ஒரு தொடர் செய்தார், மாடலும் அவரே. பொய் மூக்கு, பிளாஸ்டிக் உடலுறுப்புகள், அழுக்கு, பயங்கரம். அழகு என்பது மருந்துக்கும் கிடையாது. இரண்டையும் தேடிப் பாருங்கள், "புதுசா" என்ற சொல்லுக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்று தெரியும்.

அடுத்தது, கதையைப் படியுங்கள். படத்தைப் பார்ப்பது போதாது. நமக்கெல்லாம் மனசில் இருப்பது 1937-இல் வந்த டிஸ்னி படம், அந்த மஞ்சள் பாவாடையும் நீல மேலாடையும் சிவப்பு ரிப்பனும். அந்தத் தோற்றம் ஸ்டுடியோவுக்குச் சொந்தமானது, பிற்பாடு படங்களை விற்கவோ விளம்பரத்துக்குக் கொடுக்கவோ அவருக்கு எண்ணம் இருந்தால் அந்த உடுப்பைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்து அச்சில் போட்ட பழைய கதைக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது. அது வேறு கதை என்றே சொல்லலாம். 1812-இல் வந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்க்கும் ராணி பெற்ற தாயே, 1819 பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். ராணியைவிட ஸ்னோ ஒயிட்தான் அழகி என்று ராணியின் மந்திரக் கண்ணாடி சொல்லும்போது ஸ்னோ ஒயிட்டுக்கு ஏழு வயது. ராணி கேட்பது சிறுமியின் நுரையீரலும் ஈரலும், வேட்டைக்காரன் காட்டுப்பன்றியுடையதைக் கொண்டுவந்து கொடுக்கிறான், அவள் அதைச் சமைக்கச் சொல்லித் தின்கிறாள். முடிவில் அவளைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பில் ஆடவிட்டே கொல்கிறார்கள். டார்க்காக வேண்டும் என்று அவர் கேட்டால், எல்லாம் கதையிலேயே இருக்கிறது, வெளியிலிருந்து புகையும் கறுப்பு லிப்ஸ்டிக்கும் கொண்டுவர வேண்டியதில்லை.

ராணி மூன்று தடவை வருகிறாள், ஆப்பிள் கடைசிதான். முதல் தடவை, இடுப்புக் கச்சைக்கு அழகான நாடா விற்கிறேன் என்று வந்து, கட்டிவிடுகிற சாக்கில் மூச்சு முட்டும்படி இறுக்கிவிடுகிறாள். இரண்டாவது தடவை, விஷம் தோய்த்த சீப்போடு வந்து "வா, தலை வாரிவிடுகிறேன்" என்கிறாள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் போட்டோகிராபரிடம் இந்தச் சீப்பைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆப்பிளோடு நிற்கும் ஸ்னோ ஒயிட் படம் உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கும். சீப்புப் படம் அபூர்வம். அதைவிட முக்கியம், தலை வாரிவிட ஒருத்தியின் முன்னால் உட்காருவது எப்படி என்று உங்கள் உடம்புக்குத் தெரியும். கழுத்தை லேசாகச் சாய்த்து, சிக்கு இழுபடும்போது கண்ணைச் சுருக்கி, பின்னால் இருப்பவளின் முகத்தைப் பார்க்க முடியாமல், பாதி தூக்கத்தில், முழு நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பது. பள்ளிக்கூடத்துக்குப் போன ஒவ்வொரு காலையிலும் இரட்டைப் பின்னலுக்காக அப்படி உட்கார்ந்துதானே வளர்ந்தோம். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் விஷம் இருக்கிறது என்பது பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரிய வேண்டும். நடிப்பே வராது என்று சொல்லும் பெண்ணுக்கும் இது வரும். நாடாவையும் அப்படியே முதுகில் கயிறு கட்டும் ப்ளவுஸாக மாற்றிவிடலாம், வெளிநாட்டு கோர்செட்டுக்கு அலைய வேண்டாம்.

சரி, நிறம். கதையின் ஆரம்பம் ஞாபகம் இருக்கிறதா? ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருக்கும் பெற்ற தாயான ராணியின் விரலில் ஊசி குத்துகிறது, பனியில் மூன்று சொட்டு ரத்தம் விழுகிறது, ஜன்னல் சட்டமோ கருங்காலி. பனி மாதிரி வெள்ளை, ரத்தம் மாதிரி சிவப்பு, கருங்காலி மாதிரி கறுப்பு என்று குழந்தை வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். படமாக யோசித்தால் அங்கே இருப்பது மூன்று நிறங்களின் சேர்க்கை. அந்த வெள்ளை உங்கள் தோலில்தான் இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் விடியற்காலையில் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அதன் நடுவில் நீங்கள், நீண்ட கறுப்பு முடி, எங்கேயோ ஒரு சொட்டு சிவப்பு. மூன்று நிறமும் வந்துவிட்டது. வெளுப்பான மாடலை அந்த உறைபனியில் நிறுத்தினால் பின்னணியோடு கரைந்துபோவாள், அவளைப் பிரித்துக் காட்ட லைட்டோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இது ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. பைரெல்லி டயர் கம்பெனியின் 2018 காலண்டரைப் பாருங்கள். டிம் வாக்கர் எடுத்தது, ஸ்டைலிங் எட்வர்ட் எனின்ஃபுல், எடுத்த கதை ஆலிஸின் அற்புத உலகம், நின்றவர்கள் அத்தனை பேரும் கறுப்பினத்தவர்கள். ஆலிஸாக நின்ற டக்கி தோட் தெற்கு சூடான் வம்சாவளியில் வந்த ஆஸ்திரேலியப் பெண். நடிகை லூபிடா நியோங்கோ எலியாக வருவார், பெண் வேடக் கலைஞர் ருபால் இதய ராணியாக. அதிலேயே தாண்டோ ஹோபா என்ற தென்னாப்பிரிக்கப் பெண்ணும் இருக்கிறார், அவர் கறுப்பினத்தவர், ஆனால் அல்பினிசம் உள்ளவர் என்பதால் தோல் வெளுத்திருக்கும். அவரையும் மற்றவர்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் "இந்தப் பாத்திரத்துக்கு இந்த நிறம்" என்ற பேச்சே அபத்தமாகத் தெரியும். நம்ம ஊரிலும் 2017 கடைசியில் சென்னையைச் சேர்ந்த பரத்வாஜ் சுந்தரும் போட்டோகிராபர் நரேஷ் நிலும் 'டார்க் இஸ் டிவைன்' என்று, லட்சுமி, சரஸ்வதி, சீதை, முருகன் எல்லாரையும் கறுத்த மாடல்களை வைத்து எடுத்தார்கள். நாடு முழுக்கப் பேசப்பட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிறவர்கள் இருந்தாலும் அவர்களுக்காக நாம் படம் எடுப்பதில்லை.

ஆனால் நிறத்தைக் கெடுக்கும் வேலை ஷூட்டில் மூன்று இடத்தில் நடக்கும், அந்த மூன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

மேக்கப்பில் நடப்பதுதான் அடிக்கடி. ஊரில் கல்யாண மேக்கப் போடுகிறவர் வந்தால் பழக்கத்தில் இரண்டு ஷேடு வெளுப்பான ஃபவுண்டேஷனைப் பூசிவிடுவார், முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். உங்கள் தோலுக்குச் சரியான ஃபவுண்டேஷனை முன்பே வாங்கி, தாடையோரம் தடவி, வீட்டு வாசல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அதை நீங்களே கொண்டுபோங்கள். பவுடரை அதிகம் அப்பவிடாதீர்கள். கறுத்த தோல் கேமராவில் உயிரோடு தெரிவது அதில் விழும் ஒளியின் மினுமினுப்பால்தான், பவுடர் போட்டு அதைக் கொன்றுவிட்டால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். கன்ன எலும்பு, தோள்பட்டை, கழுத்தெலும்பில் லேசாக எண்ணெய். தேங்காய் எண்ணெயை நம்பி எடுத்துப்போக வேண்டாம், ஊட்டி டிசம்பரில் அது பாட்டிலுக்குள்ளேயே உறைந்து நிற்கும். பாதாம் எண்ணெய் போதும்.

இரண்டாவது இடம் கேமரா. தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டுதான் அது வெளிச்சத்தை அளக்கும். உறைபனியும் வெள்ளைக் கவுனும் ஃப்ரேமை நிறைத்திருந்தால் 'வெளிச்சம் அதிகம்' என்று முடிவுசெய்து குறைத்துவிடும், உங்கள் முகம் கரிந்துபோகும். அனுபவம் உள்ளவர் முகத்துக்குப் பக்கத்தில் லைட் மீட்டரைப் பிடித்து அளப்பார், பக்கவாட்டிலிருந்து பெரிய, மென்மையான வெளிச்சம் கொடுப்பார். இது சில பேருக்கு இன்னும் தெரியாததற்கு ஒரு வரலாறு உண்டு. கோடாக் கம்பெனி பல பத்தாண்டுகளாக பிரிண்ட் போடும் லேபுகளுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டைகளில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் படம், அந்த அட்டைக்கே 'ஷெர்லி' என்று பேர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. பழுப்பு நிறங்கள் ஒழுங்காக வரவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் குறை சொன்னதுதான் ஃபிலிமைத் திருத்த ஒரு காரணமாக இருந்தது. மனுஷத் தோலுக்காகத் திருத்தவில்லை, மேஜைக்காகத் திருத்தினார்கள்! அதனால் அவர் முன்பு எடுத்த படங்களில் கறுத்த மாடல் யாராவது இருக்கிறார்களா, அவர்களின் கண்ணுக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் விவரம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லை என்றால், ஊட்டிக்குப் போவதற்கு முன்னால் கோவையிலேயே ஒரு மணி நேரம் டெஸ்ட் ஷூட் கேளுங்கள்.

காஸ்ட்யூம்காரியாக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பளீர் வெள்ளை சாட்டினை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரோட்டில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் காடாத் துணி, அந்தப் பழுப்பேறிய வெள்ளை, உங்கள் தோலுக்குப் பக்கத்தில் அவ்வளவு அழகாக உட்காரும், கேமராவையும் ஏமாற்றாது, மண்ணில் புரண்டாலும் நாடகம் மாதிரி தெரியாது. டீத்தண்ணியில் ஒரு முக்கு முக்கினால் இன்னும் நல்லது.

மூன்றாவது இடம், எடுத்த பிறகு கம்ப்யூட்டரில். தோலை இரண்டு படி வெளுப்பாக்குவது சிலருக்குக் கை தன்னால் செய்யும் வேலை. 'என் நிறத்தை மாற்றக்கூடாது' என்பதை ஷூட்டுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். உங்களை ஸ்னோ ஒயிட்டாகக் கூப்பிட்டதே உங்கள் நிறத்துக்காக என்றால் இதில் அவருக்குக் கஷ்டம் இருக்கக்கூடாது. கஷ்டப்பட்டால், எதற்காகக் கூப்பிட்டார் என்று நீங்கள் யோசிக்கத்தான் வேண்டும்.

இனி போஸ். தேவதைக் கதைகளை வைத்து மாடலை நிறுத்திப் படம் எடுப்பது போட்டோகிராபி அளவுக்கே பழசு. ஆலிஸ் கதையை எழுதிய லூயிஸ் கரோல் ஒரு நல்ல போட்டோகிராபரும்கூட, 1857-இலேயே ஒரு சிறுமியை ஓநாய்க் கதையின் சிவப்புத் தொப்பிக்காரியாக (லிட்டில் ரெட் ரைடிங் ஹூட்) நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார். மறுவருடம் ஹென்றி பீச் ராபின்சன் அதே கதையை நான்கு படங்களாக எடுத்தார். அந்தக் காலத்து முறையில் ஒரு படம் விழ பல நொடிகள் ஆகும், மாடல் அசையாமல் நிற்க வேண்டும், அதனால்தான் பழைய படங்களில் எல்லாரும் சிலையாகத் தெரிகிறார்கள். இன்றைய கேமராவுக்கு இருநூறில் ஒரு பங்கு நொடி போதும். அப்படியிருந்தும் புதிதாக வருகிறவர்கள் 'போஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாகிவிடுகிறார்கள். தேவையில்லை. நின்றுகொண்டிருப்பதற்குப் பதிலாக ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள், அதை மெதுவாகச் செய்யுங்கள், திரும்பத் திரும்பச் செய்யுங்கள். "பயந்த முகம் காட்டு" என்று அவர் சொன்னால் முகத்தைக் கோணாதீர்கள், பின்னால் கிளை ஒடிந்த சத்தம் கேட்டதாக நினைத்துத் திரும்புங்கள், பத்து தடவை திரும்புங்கள், அதில் ஒன்றில் நிஜமாகவே வரும். காட்டில் ஓடும் காட்சி என்றால் நிஜமாக நாலடி ஓடுங்கள். முடிந்தால் அவரிடம் சொல்லி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வினைச்சொல் வாங்கிக்கொள்ளுங்கள்: ஒளிகிறாள், கேட்கிறாள், வாங்குகிறாள், சந்தேகப்படுகிறாள். வினைச்சொல் இருந்தால் உடம்பு தானாக ஏதாவது செய்யும். "அழகாக இரு" என்பதை வைத்துக்கொண்டு உடம்பால் ஒன்றும் செய்ய முடியாது.

கைகள்தான் எல்லாரையும் காட்டிக்கொடுக்கும். முகம் ராஜகுமாரியாக இருக்கும், கை பஸ்ஸுக்குக் காத்திருக்கும். உள்ளங்கையையோ புறங்கையையோ கேமராவுக்கு முழுசாகக் காட்டாமல், சுண்டுவிரல் பக்கத்தைக் காட்டினால் கை மெலிதாகத் தெரியும். எதையாவது பிடிக்கும்போது அழுத்திப் பிடிக்காதீர்கள், விரல் நுனி வெளுத்துவிடும்.

கண்ணாடிப் பெட்டி. பயப்படுவது நியாயம்தான், ஆனால் செய்யக்கூடியதுதான். நிஜக் கண்ணாடி வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்லுங்கள், அக்ரிலிக் ஷீட் போதும். மூடியை நீங்கள் உள்ளே இருக்கும்போது முழுசாக மூடவே கூடாது, காற்றுக்காக மட்டும் இல்லை, அந்தக் குளிரில் நாலு மூச்சு விட்டால் உள்பக்கம் முழுக்கப் புகைமூட்டம் படிந்து படமே எடுக்க முடியாது. கேமரா பார்க்கும் பக்கத்தில் ஷீட்டே இல்லாமல் சட்டத்தை மட்டும் வைத்து எடுப்பதுதான் புத்திசாலித்தனம், பிரதிபலிப்புத் தொல்லையும் இல்லை. மூடிய மாதிரி ஒரு படம் வேண்டுமென்றால் மூடியைத் தனியாக எடுத்து அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். படுக்கும்போது தலைக்கும் மேல்முதுகுக்கும் அடியில் மெல்லிய தலையணை வையுங்கள், இல்லாவிட்டால் தாடை மேலே தூக்கி மூக்குத் துவாரம்தான் படத்தில் தெரியும். மூடிய கண் துடிக்காமல் இருக்க ஒரு வழி உண்டு, இமைக்குள்ளே பார்வையைக் கால் பக்கமாக இறக்குங்கள். மூச்சை வெளியே விட்டு முடித்த அந்த ஒரு கணத்தில் கிளிக் செய்யச் சொல்லுங்கள், முகமும் வயிறும் அப்போதுதான் இளகியிருக்கும். அப்புறம் அவள் செத்தவளா தூங்குகிறவளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கதையில் அவள் செத்தவளாகத் தெரியவே மாட்டாள், கன்னம் சிவப்பாகவே இருக்கும், அதனால்தான் மண்ணில் புதைக்க மனசில்லாமல் கண்ணாடியில் வைக்கிறார்கள். அப்படியென்றால் மார்பில் கையைக் குறுக்கே கட்ட வேண்டாம், ஒரு கை பக்கவாட்டில் நழுவிக் கிடக்கட்டும்.

குளிரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1852-இல் ஜான் எவரெட் மில்லே வரைந்த ஒஃபீலியா ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள், ஆற்றில் மிதக்கும் பெண். மாடலாக இருந்த எலிசபெத் சிடல் லண்டனில் அவருடைய ஸ்டுடியோவில் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் மணிக்கணக்கில் படுத்திருந்தார், தண்ணீர் சூடாக இருக்க அடியில் விளக்குகள். ஒருநாள் விளக்குகள் அணைந்துவிட்டன, மில்லே வரைவதிலேயே மூழ்கியிருந்தார், சிடலும் வாயைத் திறக்கவில்லை. கடுமையாக நோயில் விழுந்தார், அவருடைய அப்பா மருத்துவச் செலவுக்கு 50 பவுண்டு கேட்டு மில்லேவுக்குக் கடிதம் எழுதினார். நல்ல படம் எடுக்கும் வெறியில் இருப்பவர் உங்கள் உதடு நீலமாவதைப் பார்க்க மாட்டார், அவர் கெட்டவர் என்பதால் இல்லை, ஃப்ரேமைப் பார்த்துக்கொண்டிருப்பதால். குளிர்ந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். உறைபனி இருக்கும் நேரத்தில் அங்கே வெப்பம் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கும், நீங்கள் காடாத் துணியில் இருப்பீர்கள். கவுனுக்குள் தோல் நிறத் தெர்மல், பெட்டியின் அடியில் துணிக்குக் கீழே யோகா மேட், பக்கத்தில் ஒரு ஆள் கம்பளியோடு, பிளாஸ்கில் சுக்குக் காபி. ஒரு செட் எடுத்ததும் கம்பளி, மறுபடி ஒரு செட். வெயில் ஏறிய கொஞ்ச நேரத்தில் உறைபனி உருகிவிடும் என்பதால் மேக்கப் விடியலுக்கு ரொம்ப முன்னாலேயே தொடங்க வேண்டியிருக்கும், முந்தின ராத்திரி நன்றாகத் தூங்குங்கள்.

லொகேஷன் விஷயத்தில் சுருக்கமாக: வனத்துறை இடம் என்றால் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள், கவுனும் பெட்டியும் ரிஃப்ளெக்டருமாகப் போய் இறங்கினால் சுற்றுலாப் பயணி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நீலகிரிக்குள் போக 2024 மே மாதத்திலிருந்து வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. விடியற்காலை இருட்டில் காட்டெருமை நிற்கும், உள்ளூர் ஆள் ஒருவர் கூட இருப்பது நல்லது. உடை மாற்ற எங்கே, கழிப்பறை எங்கே என்ற இரண்டையும் கூச்சப்படாமல் கேளுங்கள். "காரிலேயே மாத்திக்கலாம்" என்பதை ஒரு பதிலாக ஏற்காதீர்கள்.

கூட யாரையாவது அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும். அக்கா, தோழி, அம்மா, யாராக இருந்தாலும் சரி. "கூட ஆள் வந்தா மாடல் ஃப்ரீயா இருக்க மாட்டாங்க" என்று சொல்லும் போட்டோகிராபரிடம் போகவே போகாதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அவரிடம் முன்பு நின்ற இரண்டு மூன்று பெண்களிடம் நேரடியாகக் கேட்டுப் பாருங்கள், மறைக்க எதுவும் இல்லாதவர் அவரே நம்பர் தருவார்.

இளவரசன் வருகிறானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வந்தால் யார் அவன், எங்கே தொடுவான், தொடாமல் எடுக்க முடியுமா என்பதெல்லாம் ஷூட்டுக்கு முன்பே பேசி முடிந்திருக்க வேண்டும். அங்கே போன பிறகு "கதையிலேயே முத்தம் இருக்கே" என்று யாராவது ஆரம்பித்தால், கிரிம் கதையில் முத்தம் இல்லை என்று சொல்லுங்கள். பெட்டியைத் தூக்கிப்போகும் வேலைக்காரர்கள் ஒரு புதரில் தடுக்கித் தடுமாறுகிறார்கள், அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது, அவள் எழுந்து உட்காருகிறாள். எனக்குக் கேட்டால் முத்தத்தைவிட இதுதான் நல்ல படம்: நாலு பேர் தடுமாறி விழப்போகிறார்கள், பெட்டிக்குள் ஒரு பெண் இருமிக்கொண்டே எழுந்திருக்கிறாள்.

பணம். டி.எஃப்.பி. என்று சொல்வார்கள், உங்கள் நேரத்துக்குப் பதிலாகப் படங்கள். முதல் ஷூட்டுக்கு இது தப்பில்லை, போர்ட்ஃபோலியோ இல்லாமல் யாரும் கூப்பிட மாட்டார்கள், அவருக்கும் இதில் உடனடி வருமானம் இல்லை. ஆனால் இலவசம் என்பது இரண்டு பக்கமும் இலவசமாக இருக்க வேண்டும். ஏதாவது துணிக்கடைக்கோ நகைக்கடைக்கோ அவர் பணம் வாங்கிக்கொண்டு எடுக்கிறார் என்றால் அது விளம்பரம், உங்களுக்கும் சம்பளம் உண்டு. பயணம், தங்குமிடம், சாப்பாடு எப்படியும் அவர் பொறுப்பு.

காகிதத்தில் எழுதுங்கள், குறைந்தபட்சம் வாட்ஸப்பிலாவது எழுதி "ஓகே" வாங்குங்கள். நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கு, யாராவது பணம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால் அவருக்கு. முகம் உங்களுடையது என்பதால் மட்டும் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. அதனால்தான் எழுத்து வேண்டும்: எத்தனை படங்கள், எந்தத் தேதிக்குள், முழு அளவு ஃபைலாகத் தருவாரா, எங்கெல்லாம் போடலாம், விற்பதாக இருந்தால் உங்களிடம் மறுபடி கேட்க வேண்டும், நிறத்தை மாற்றக்கூடாது, உடம்பை ஒல்லியாக்கக்கூடாது, நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் படம் வெளியே போகக்கூடாது. ஆறேழு வரிகள்தான். எழுதக் கேட்டதற்காகக் கோபப்பட்டால் விட்டுவிடுங்கள், ஸ்னோ ஒயிட் எடுக்க ஆசைப்படும் போட்டோகிராபருக்கு ஊரில் பஞ்சமே இல்லை.

ஆப்பிளைப் பற்றிச் சொல்ல விட்டுப்போய்விட்டது. எப்படியும் ஒரு ஆப்பிள் படம் கேட்பார். கதையில் அந்த ஆப்பிள் ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி சிவப்பு, விஷம் சிவப்புப் பாதியில் மட்டும், வெள்ளைப் பாதியை ராணியே கடித்துக் காட்டித்தான் அவளை நம்பவைக்கிறாள். அப்படி இரண்டு நிறமாக இருப்பதைக் கடையில் பொறுக்கி எடுங்கள், சின்னதாகப் பாருங்கள், பெரியதைப் பிடித்தால் கை அகலமாகத் தெரியும். அரை டஜன் வாங்கிக்கொள்ளுங்கள், கடித்த இடம் சில நிமிடத்தில் பழுப்பாகிவிடும், எலுமிச்சைச் சாறு தொட்டு வைத்தால் கொஞ்சம் தாங்கும். மெழுகுப் பளபளப்போடு வருவதை வெந்நீரில் கழுவிவிட்டுக் கடியுங்கள். லிப்ஸ்டிக் ஒவ்வொரு கடிக்கும் கலையும் என்பதால் கடிக்கிற படங்களைக் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள், கடித்ததைத் துப்ப ஒரு பேப்பர் கப்பும் வைத்துக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றில் விடியற்காலையில் அத்தனை ஆப்பிளை விழுங்கினால் மலையிறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் கஷ்டப்படுவீர்கள்.